மூச்சு விடும் சுவர்கள்

வச்சிரன் என்ற அரசன் மார்க்கண்டேய முனிவரிடம் வந்து, தெய்வத் திருமேனிகளை வடிக்கும் கலையைத் தனக்குச் சொல்லித்தர வேண்டும் என்று கேட்கிறான். முனிவர் மறுக்கவில்லை. ஆனால் ஓவியத்தின் இலக்கணம் தெரியாதவருக்குச் சிற்பத்தின் இலக்கணம் பிடிபடாது என்கிறார். அப்படியானால் ஓவியத்தைச் சொல்லுங்கள் என்கிறான் அரசன். நாட்டியம் அறியாதவருக்கு ஓவியம் விளங்காது என்று பதில் வருகிறது. நாட்டியம் கேட்டால், வாத்தியம் தெரிய வேண்டும். வாத்தியம் கேட்டால், பாட்டு தெரிய வேண்டும். கல்லில் வடிவம் செய்யக் கேட்டு வந்தவன், காற்றில் எழும் நாதத்திலிருந்து பாடத்தைத் தொடங்குகிறான்.

இந்த உரையாடல் விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் மூன்றாம் காண்டத்தில் வருகிறது. அந்தக் காண்டத்தின் 35 முதல் 43 வரையிலான அத்தியாயங்களுக்குச் சித்திரசூத்திரம் என்று பெயர். ஓவியம் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் பழைய சமஸ்கிருத நூல்களில் இவ்வளவு விரிவானது அரிது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் இது இன்றைய வடிவத்தை அடைந்திருக்கலாம் என்பது பல அறிஞர்களின் கணிப்பு. ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1920களில் இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமி 1932இல் இதன் 41ஆம் அத்தியாயத்தைத் தனியே எடுத்து ஆராய்ந்தார். சி. சிவராமமூர்த்தியின் பதிப்பு 1978இல் வந்தது. பழைய சுவடிகளை ஒப்பிட்டு பருல் தவே முகர்ஜி செய்த பதிப்பு 2001இல் வெளியானது.

நூல் முழுவதும் ஓர் எதிர்பார்ப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. நல்ல ஓவியம் என்பது மூச்சு விடுவதுபோல் தோன்ற வேண்டும். உயிரின் குறி அதில் தெரிய வேண்டும். சுவரில் இருப்பதோ மண்ணும் சுண்ணாம்பும் பொடித்த கல்லும். அவற்றில் மூச்சு எங்கிருந்து வரும்? சித்திரசூத்திரம் இந்தக் கேள்வியை மூன்று தளங்களில் எதிர்கொள்கிறது என்று சொல்லலாம்: சுவரின் தளம், கண்ணின் தளம், உள்ளத்தின் தளம். ஒரே நூல் செங்கல் பொடியின் அளவையும் பரம்பொருளின் உருவத்தையும் ஒரே அக்கறையோடு பேசுவதுதான் இதன் பெரிய வியப்பு.

மண்ணுக்குள் வேதியியல்

சுவரைத் தயார் செய்யும் முறையோடு தொடங்குவோம். மூன்று வகைச் செங்கல் பொடி, களிமண், குக்குலு பிசின், தேன்மெழுகு, வெல்லம், எண்ணெய், சுண்ணாம்பு, வில்வக்காயின் சதை, மணல் என்று நூல் பட்டியலிடுகிறது. இவற்றைக் கலந்து, பிசுபிசுப்பான நீர் விட்டு, ஒரு மாதம் ஊறவைக்கச் சொல்கிறது. அதன்பிறகே பூச்சு.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. களிமண் காயும்போது சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும். மணலும் செங்கல் பொடியும் அந்தச் சுருக்கத்தைக் குறைக்கின்றன. குறைந்த சூட்டில் சுட்ட செங்கல்லின் பொடி சுண்ணாம்போடு வேதிவினை புரிந்து, நீருக்கு எளிதில் கரையாத கட்டுப்பொருளை உண்டாக்குகிறது. நம் கொத்தனார்கள் சுர்க்கி என்று சொல்லும் பொடி இதுதான். சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு மெதுவாகக் கல்லாகிறது. வெல்லமும் பழச்சதையும் கலவையைக் குழைவாக வைத்து, அவசரமாக உலர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்கின்றன. தமிழ்நாட்டுப் பழைய கட்டடங்களின் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்ததற்கும் இதே காரணம்தான்.

இந்தக் கைவேலையை மிகப் பெரிய அளவில் காணக்கூடிய இடம் அஜந்தா. மகாராஷ்டிரத்தில் வாகூர் ஆறு அரைவட்டமாக வளையும் பள்ளத்தாக்கில், எரிமலைப் பாறையைக் குடைந்து முப்பது குகைகள். முதல் தொகுதி கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. புகழ்பெற்ற ஓவியங்களில் பெரும்பகுதி 5ஆம் நூற்றாண்டில், வாகாடக மன்னன் ஹரிஷேணன் காலத்தில் உருவானவை. காடு மூடிக் கிடந்த அவற்றை 1819இல் வேட்டைக்குப் போன ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி கண்டார்.

அஜந்தா பௌத்தக் குகைத்தொகுதி. விஷ்ணுதர்மோத்தரம் வைணவ நூல். அஜந்தாவின் ஓவியர்கள் இந்த நூலைப் படித்து வரைந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. பட்டறைகளில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய அறிவு ஒருபக்கம் சுவரில் பதிந்தது. மறுபக்கம் சுலோகமாகத் தொகுக்கப்பட்டது. சமயங்கள் வேறானாலும் தொழில் ஒன்றாக இருந்தது.

அஜந்தாவில் உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கிய பாறையின் மேல் மண், மணல், தாவர நார், உமி கலந்த பூச்சு. அதன்மேல் இன்னும் நுணுக்கமான ஒரு பூச்சு. கடைசியாக மெல்லிய சுண்ணாம்புப் படலம். நாரும் உமியும் விரிசல் பரவாமல் இழுத்துப் பிடிக்கின்றன. இத்தாலியச் சுவரோவியர்கள் ஈரச் சுண்ணாம்பின்மேல் வரைந்தார்கள்; அங்கே சுண்ணாம்பே வண்ணத்தைக் கவ்விக்கொள்ளும். அஜந்தாவில் உலர்ந்த பரப்பின்மேல், பசை சேர்த்த வண்ணம் தீட்டப்பட்டது. சித்திரசூத்திரமும் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசையைச் சொல்கிறது.

வண்ணங்களில் பெரும்பாலானவை அருகிலேயே கிடைத்தவை. காவிச் சிவப்பும் மஞ்சளும் இரும்பு கலந்த மண்ணிலிருந்து வந்தன. கருப்பு விளக்குப் புகையிலிருந்து வந்தது. பச்சை மண் தக்காண எரிமலைப் பாறையின் குமிழ்க் குழிகளில் விளைவது. அந்தப் பாறை சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கொட்டிய எரிகுழம்பு. அது உறைந்தபின் அதன் பொந்துகளில் நீர் புகுந்து வளர்த்த கனிமம், பிறகொரு நாள் ஓர் ஓவியனின் தூரிகைக்கு வந்திருக்கிறது. நீலம் மட்டும் தூரத்திலிருந்து வந்தது. இன்றைய ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலைகளில் வெட்டியெடுத்த ராஜவர்த்தக் கல்லைப் பொடித்து எடுத்த நீலம் அது. சித்திரசூத்திரத்தின் வண்ணப் பட்டியலிலும் ராஜவர்த்தம் இருக்கிறது. கூடவே பொன், வெள்ளி, செம்பு, அப்பிரகம், அரிதாரம், சாதிலிங்கம், அரக்கு, அவுரி ஆகியவையும் வருகின்றன. ஒரு நீலத் தாமரையை வரைய வணிகர் கூட்டம் மலை கடந்து வரவேண்டியிருந்தது.

கோடும் நிழலும்

சுவர் தயார். இனிக் கண்ணின் தளம். சித்திரசூத்திரம் பார்ப்பவர்களை நான்காகப் பிரிக்கிறது. ஆசிரியர்கள் கோட்டைப் புகழ்வார்கள். நுட்பமறிந்தவர்கள் நிழற்படுத்தும் வித்தையைப் புகழ்வார்கள். பெண்கள் அணிகலன்களை விரும்புவார்கள். மற்றவர்கள் வண்ணச் செழிப்பை விரும்புவார்கள். பெண்களைப் பற்றிய அந்தக் கணிப்பு அக்காலத்துக்கு உரியது. நாம் அதை ஏற்க வேண்டியதில்லை. ஆனால் எல்லாருடைய மனமும் நிறையும்படி வரைய வேண்டும் என்று நூல் அதே இடத்தில் ஓவியனிடம் கேட்கிறது. அந்தப் பட்டியலில் கோடு முதலில் நிற்பது கவனிக்கத்தக்கது.

கோடு என்பது இயற்கையில் இல்லாத பொருள். நம் முகத்தைச் சுற்றி யாரும் கருப்புக் கோடு இழுத்திருக்கவில்லை. ஆனாலும் காவிக் கோட்டில் வரைந்த கன்னத்தைக் கண் உடனே கன்னம் என்று ஏற்றுக்கொள்கிறது. டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரு அறிவியலாளர்கள் 1950களின் இறுதியில் தொடங்கிய ஆய்வுகளில் இதற்கான ஒரு காரணம் தெரியவந்தது. பூனையின் மூளையில் பார்வைக்குரிய பகுதியை அவர்கள் ஆராய்ந்தபோது, அங்குள்ள நரம்பணுக்கள் பலவும் வெறும் ஒளிப்புள்ளிக்கு அவ்வளவாகக் கிளர்ச்சி அடையவில்லை. குறிப்பிட்ட சாய்வில் அமைந்த விளிம்புக்கும் கோட்டுக்குமே வலுவாகத் துடித்தன. 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பார்வை, உலகத்தை முதலில் விளிம்புகளாகப் பிரித்தெடுக்கிறது. ஓவியனின் கோடு அந்த வேலையைக் கண்ணுக்கு முன்பே செய்து கொடுத்துவிடுகிறது.

அடுத்தது நிழல். சித்திரசூத்திரம் அதற்கு மூன்று முறைகள் சொல்கிறது. இலை நரம்புபோல் பிரியும் கோடுகளால் நிழலிடுவது ஒன்று. மிக மெல்லிய வரிகளை அடுக்குவது இன்னொன்று. புள்ளிகளால் நிழலிடுவது மூன்றாவது. நோக்கம் ஒன்றுதான்: தட்டையான பரப்பில் மேடும் பள்ளமும் தெரிய வேண்டும்.

புள்ளிகள் எப்படி நிழலாகின்றன? இயல்பான கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவுக்கேனும் விலகியிருக்கும் இரண்டு புள்ளிகளையே தனித்தனியாகப் பிரித்தறியும். மூன்று மீட்டர் தொலைவில் அது ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதைவிட நெருக்கமாக இட்ட புள்ளிகள் தள்ளி நிற்பவருக்குப் புள்ளிகளாகத் தெரியாது. மெல்ல அடர்ந்து செல்லும் நிறமாகவே தெரியும். அருகில் போனால் தூரிகையின் பொறுமை தெரியும். விலகி நின்றால் தோள் திரண்டு எழும்.

அஜந்தா நிழலில் ஒரு தனித்தன்மை உண்டு. அங்கே தரையில் விழும் நிழல்கள் இல்லை. ஒரு பக்கத்துச் சன்னலிலிருந்து ஒளி வருவதாகவும் வரையவில்லை. நம்மை நோக்கியிருக்கும் பகுதி வெளிச்சமாகவும், நம்மைவிட்டு வளைந்து விலகும் விளிம்பு கருமையாகவும் இருக்கிறது. மூக்கின் தண்டில் ஒரு வெண்மை, முகவாயில் இன்னொன்று. இதற்குப் பின்னால் ஓர் எளிய இயற்பியல் இருக்கிறது. பளபளப்பில்லாத ஒரு பரப்பின் மேல் ஒளி எவ்வளவு நேராக விழுகிறதோ அவ்வளவு பிரகாசமாக அது தெரியும். சாய்வாக விழ விழ மங்கும். யோஹான் லாம்பர்ட் 1760இல் இதை விதியாக எழுதினார். ஒளி பார்ப்பவரின் பக்கத்திலிருந்தே வந்தால், உருண்ட எந்த உறுப்பும் நடுவில் ஒளிர்ந்து விளிம்பில் கருக்கும். இருட்டுக் குகைக்குள் கையில் விளக்கேந்தி நிற்பவருக்கு எதிரே ஓர் உடல் எப்படித் தெரியுமோ அப்படியே இந்த ஓவியங்கள் இருக்கின்றன.

நிழலைப் பார்த்து மூளை வடிவத்தை ஊகிக்கும் விதத்தை, தமிழ்நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1988இல் வெளியான ஓர் ஆய்வில் அழகாகக் காட்டினார். மேற்புறம் வெளுத்துக் கீழ்ப்புறம் கருத்த வட்டங்கள் புடைத்த குமிழ்களாகத் தெரிகின்றன. அதே படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் குமிழ்கள் குழிகளாகிவிடுகின்றன. ஒளி மேலிருந்துதான் வரும் என்று மூளை கேட்காமலேயே முடிவு செய்துகொள்கிறது. சூரியனுக்குக் கீழே வாழ்ந்த உயிர்களின் பழக்கம் அது. ஆக, ஓவியத்தின் மேடு பள்ளத்தில் பாதியைச் சுவர் தருகிறது. மீதியைப் பார்ப்பவர் தருகிறார்.

அளவும் அசைவும்

உடலின் அளவுகளுக்கு நூல் ஐந்து ஆண் வகைகளைச் சொல்கிறது: ஹம்ச, பத்ர, மாளவ்ய, ருசக, சசக. அவர்களின் உயரம் முறையே 108, 106, 104, 100, 90 அங்குலம். இந்த அங்குலம் அவரவர் விரலின் அகலம். 12 அங்குலம் ஒரு தாளம். முகத்தின் நீளமும் அதுவே. வெளியிலிருந்து கொண்டுவரும் அளவுகோல் இங்கே தேவையில்லை. உள்ளங்கை அளவுச் சித்திரத்துக்கும் ஆளுயரச் சித்திரத்துக்கும் ஒரே கணக்கு பொருந்தும். உறுப்புகளுக்கு இடையேயான விகிதம் மாறாமல் இருந்தால் போதும்.

ஆனால் உடல் எப்போதும் நேராக நிற்பதில்லை. திரும்பும், சாயும், முதுகைக் காட்டும். அதற்கு ஒன்பது நிலைகள் வகுத்து, திரும்பும்போது எந்தப் பகுதி குறுகும், எது நீளும் என்று நூல் கணக்கிடுகிறது. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் உருவான தொலைவுக் காட்சிக் கணிதம், காட்சி முழுவதையும் ஓர் ஒற்றைக் கண்ணின் நிலைக்குக் கட்டுப்படுத்தியது. இங்கே ஒவ்வொரு உடலும் தன் திருப்பத்துக்கு ஏற்பத் தனித்தனியாகக் குறுகி விரிகிறது. அதனால்தான் அஜந்தாவின் நெரிசலான காட்சியில் நம் கண் ஓரிடத்தில் நிற்காமல் ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

அடுத்துத்தான் நூலின் மிகக் கடினமான தேர்வு வருகிறது. அலையையும் தீச்சுடரையும் புகையையும் கொடியையும் காற்றின் போக்குக்கேற்ப வரையத் தெரிந்தவரே ஓவியம் அறிந்தவர். உறங்குபவரை உயிர்ப்போடும் இறந்தவரை அது நீங்கியும் வரையத் தெரிந்தவரே ஓவியம் அறிந்தவர். இரண்டிலும் கண் மூடியிருக்கும், கை தளர்ந்திருக்கும். வேறுபாட்டைத் தோளின் தொய்விலும் விரலின் இறுக்கத்திலும் காட்டியாக வேண்டும். அஜந்தாவின் 16ஆம் குகையில், புத்தரின் தம்பி நந்தன் துறவியான செய்தி கேட்டுச் சாயும் அவன் மனைவி சுந்தரியின் காட்சி இருக்கிறது. தலை ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. இமைகள் பாதி மூடியிருக்கின்றன. பின்னால் ஒரு தோழி தாங்கிப் பிடிக்கிறாள். உயிர் போய்க்கொண்டிருக்கும் உடலை அந்தக் கோடு அறிந்திருக்கிறது.

17ஆம் குகையில் பறந்துவரும் அப்சரஸின் மாலையும் தலை அணியின் தொங்கல்களும் ஒரு பக்கமாக வீசி நிற்கின்றன. சிறகு வரையவில்லை, காற்றையும் வரையவில்லை. மணிகள் சாய்ந்த கோணம் மட்டுமே அவள் பறக்கிறாள் என்று சொல்கிறது. 2000ஆம் ஆண்டில் வெளியான மூளைப்பட ஆய்வு ஒன்று, அசைவைக் குறிப்பாகக் காட்டும் அசையாத படங்களைப் பார்க்கும்போதே, உண்மையான அசைவை உணரும் மூளைப் பகுதி கூடுதலாகச் செயல்படுவதைக் காட்டியது. நாட்டியம் தெரியாமல் ஓவியம் தெரியாது என்ற முனிவரின் நிபந்தனைக்கு இங்கே பொருள் கிடைக்கிறது. நாட்டியத்திலிருந்து ஓவியன் எடுத்துக்கொள்வது, ஓர் அசைவு தன் முழுமையைக் காட்டும் நொடியை. அந்த நொடி எப்போது வரும் என்பதைத் தாளம் சொல்கிறது. தாளத்தின் உயிர் பாட்டில் இருக்கிறது.

தளர்ந்த சமாதி

வரைபவரைப் பற்றியும் நூல் பேசுகிறது. சரியில்லாத இருக்கை, தாகம், வேறெங்கோ அலையும் மனம் ஆகியவை ஓவியத்தைக் கெடுக்கும் என்கிறது. இவ்வளவு எளிய எச்சரிக்கையை ஒரு புராணத்துக்குள் காண்பது மனதுக்கு நெருக்கமாக இருக்கிறது. இது பட்டறையில் உட்கார்ந்து முதுகு வலித்தவரின் அறிவு.

காளிதாசனின் மாளவிகாக்னிமித்திரம் என்ற நாடகத்தில் ஓர் இடம் உண்டு. மாளவிகையை முதலில் ஓவியத்தில் கண்ட அரசன், பிறகு நேரில் காண்கிறான். ஓவியத்தில் அவள் அழகு முழுமையாக வரவில்லை என்று உணர்கிறான். அதற்கு அவன் சொல்லும் காரணம் ஓவியனின் கைத்திறன் போதாது என்பது இல்லை. ஓவியனின் சமாதி தளர்ந்திருந்தது என்பது. யோகத்துக்கு உரிய மன ஒருமையை ஒரு தொழில்முறை ஓவியனிடமும் எதிர்பார்த்திருக்கிறார்கள். ஆனந்த குமாரசாமி தன் கலைக் கட்டுரைகளில் இதைத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டினார். இந்திய ஓவியன் எதிரே உள்ள பொருளைக் கண்ணால் நகலெடுப்பதில்லை. அந்தப் பொருளை உள்ளத்தில் முழுதாக வாங்கி, அந்த உள்வடிவத்துக்கு ஒத்ததைச் சுவரில் வைக்கிறான் என்பது அவர் கண்ட விளக்கம்.

சித்திரசூத்திரம் ஓவியக் கலையின் பிறப்பாகச் சொல்லும் கதையும் இதோடு ஒத்துப்போகிறது. தவம் செய்யும் நாராயண முனிவரைக் கலைக்க அப்சரஸ்கள் வருகிறார்கள். அவர் கோபப்படவில்லை. மாமரத்தின் சாற்றை எடுத்துத் தன் தொடையில் ஒரு பெண்ணை வரைகிறார். அந்த ஓவியம் உயிர்பெற்று ஊர்வசியாக எழுகிறது. அவள் அழகின் முன் வந்தவர்கள் நாணித் திரும்புகிறார்கள். பிறகு அந்தக் கலையை அவர் விசுவகர்மாவுக்குக் கற்பிக்கிறார். முதல் ஓவியம் தவத்துக்கு இடையூறாக வரவில்லை. தவத்துக்குள்ளிருந்தே வந்தது என்று இந்த மரபு நம்பியது.

ஓவியத்தில் உள்ள குதிரை

மூன்றாவது தளம் உள்ளம். சுவரில் தெரியும் குதிரையைப் பார்த்து நாம் ஏன் மகிழ்கிறோம்? அது உண்மையான குதிரை அல்ல என்று நமக்குத் தெரியும். அதற்காகப் பொய் என்று தள்ளவும் இல்லை. குதிரையா இல்லையா என்ற ஐயத்திலும் நாம் இல்லை. குதிரையைப் போன்ற ஏதோ ஒன்று என்றும் நினைப்பதில்லை. சற்றும் தயங்காமல் 'குதிரை' என்கிறோம். 9ஆம் நூற்றாண்டு அளவில் வாழ்ந்த சங்குகர் என்ற அறிஞர் நாடகத்தை விளக்க இந்தச் சித்திரக் குதிரையைக் கொண்டுவந்தார். மேடையில் ராமனாக நிற்கும் நடிகனையும் நாம் இப்படித்தான் அறிகிறோம் என்றார். மெய், பொய், ஐயம், ஒப்புமை ஆகிய நான்கு அறிவுகளிலும் அடங்காத ஐந்தாவது ஓர் அறிவு கலைக்கு உண்டு என்பது அவர் கண்டுபிடிப்பு.

காஷ்மீரத்தில் 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்த அபிநவகுப்தர் சைவ தத்துவ ஞானி. பரதரின் நாட்டிய சாஸ்திரத்துக்கு அபிநவபாரதி என்ற உரை எழுதியவர். சங்குகரின் விளக்கம் அவருக்குப் போதவில்லை. குதிரையை அடையாளம் கண்டுகொள்வது ஒன்று. அதில் கரைந்து சுவைப்பது வேறு. அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு, காளிதாசனின் சாகுந்தல நாடகத்தின் தொடக்கத்தில் அரசனின் அம்புக்கு அஞ்சி ஓடும் மான். அந்தக் காட்சியில் நாம் அச்சத்தை உணர்கிறோம். அது யாருடைய அச்சம்? நம்முடையதென்றால் எழுந்து ஓடியிருப்போம். வேறொருவருடையதென்றால் இரக்கமோ அலட்சியமோ வந்திருக்கும். இரண்டும் நடக்கவில்லை. அந்த அச்சம் இந்த மானுக்கோ இந்த நாளுக்கோ இந்த இடத்துக்கோ உரியதாக இல்லாமல், அச்சம் என்ற உணர்வாகவே நம்முன் நிற்கிறது. 'நான்', 'எனது' என்ற வேலி சற்று நேரம் விலகுகிறது. அந்த விலகலில் உணர்வு தெளிந்து சுவையாகிறது. அதுவே ரசம்.

இங்கேதான் கலை, தத்துவத்தின் வாசலைத் தொடுகிறது. பரம்பொருளையே ரசம் என்று சொல்லும் மரபு தைத்திரீய உபநிடதத்தில் உண்டு. ரச அனுபவத்தைப் பிரம்மானந்தத்துக்கு உடன்பிறப்பு என்று அலங்கார நூல்கள் பின்னர் சொல்லின. இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை என்பதில் அவர்களின் நேர்மை தெரிகிறது. காட்சி முடிந்தால் ரசமும் முடிந்துவிடும். ஆனால் அகந்தை இல்லாமலும் இன்பம் இருக்க முடியும் என்பதை, துறவு பூணாத ஒரு சாதாரண மனிதருக்கும் அது ஒருமுறை காட்டிவிடுகிறது.

1999இல் ராமச்சந்திரன், வில்லியம் ஹிர்ஸ்டீனுடன் எழுதிய ஒரு கட்டுரையில் ரசம் என்ற கருத்தையே எடுத்து நரம்பியல் விளக்கம் தந்தார். ஒரு பொருளின் சாரமான இயல்பைப் பிரித்தெடுத்து மிகைப்படுத்தினால் மூளை அசலைவிட வலுவாக அதற்கு எதிர்வினை காட்டுகிறது என்றும், சோழர் காலப் பார்வதி செப்புத் திருமேனியின் வளைவுகள் அதற்குச் சான்று என்றும் வாதிட்டார். கலை வரலாற்றாளர்கள் பலர் இதை மறுத்தார்கள். ஒரு திருமேனியின் வழிபாட்டையும் வரலாற்றையும் விட்டுவிட்டு அதன் வளைவை மட்டும் அளக்க முடியாது என்றார்கள். இரண்டு பக்கத்திலும் உண்மை உண்டு என்றே எனக்குப் படுகிறது. கண் ஏன் ஈர்க்கப்படுகிறது என்பதற்கு நரம்பியல் நல்ல விடை தருகிறது. ஈர்க்கப்பட்டவர் ஏன் தன்னை மறக்கிறார் என்ற கேள்வியை அபிநவகுப்தர் இன்னும் நம் முன் வைத்துக்கொண்டிருக்கிறார்.

உருவமற்றதற்கு உருவம்

வச்சிரன் புத்திசாலி மாணவன். சித்திரசூத்திரம் முடிந்தபின் அவன் கேட்கும் கேள்வி மிக அடிப்படையானது. பரம்பொருளுக்கு வடிவமோ மணமோ சுவையோ கிடையாது, ஒலியோ தொடுஉணர்வோ கிடையாது என்கிறீர்கள். அதற்கு எப்படி உருவம் செய்வது? மார்க்கண்டேயர் சொல்லும் பதிலின் சாரம் இது: அதற்கு இரண்டு நிலைகள். வெளிப்படாத நிலையில் அதற்கு உருவம் இல்லை. வெளிப்பட்ட நிலையில் இந்த உலகம் முழுவதும் அதன் உருவமே. உடலோடு வாழும் நமக்கு வெளிப்படாததைப் பற்றிக்கொள்வது கடினம். ஆகவே வெளிப்பட்டதன் வழியாக அணுகுகிறோம்.

இந்தப் பதிலை ஏற்றுக்கொண்டால், செங்கல் பொடியைச் சலிப்பதும் தத்துவத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது. உலகம் முழுவதும் அதன் உருவம் என்றால் மண்ணும் அதுவே, காவியும் அதுவே, தூரிகை பிடித்த விரலும் அதுவே. அலையைச் சரியாகப் பார்க்காமல் வரைவது தொழில் பிழையாக மட்டும் நிற்காது. இருப்பதை மதிக்காத பிழையாகிறது. சித்திரசூத்திரம் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் இதுவென்றே நான் புரிந்துகொள்கிறேன். அதன் ஆன்மிகம் பொருள்களிலிருந்து விலகிப் போகவில்லை. பொருள்களைக் கூர்ந்து பார்ப்பதையே பயிற்சியாக எடுத்துக்கொள்கிறது.

நம் பக்கத்துச் சுவர்கள்

இந்தப் பயிற்சிக்கு அஜந்தா வரை போக முடியாதவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே இடங்கள் உண்டு. 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் தனக்குச் சூட்டிக்கொண்ட பட்டங்களில் ஒன்று சித்திரகாரப்புலி. மாமண்டூர்க் குகையில் சிதைந்திருக்கும் கல்வெட்டில் தட்சிணசித்திரம் என்ற சொல் மிஞ்சியிருக்கிறது. புதுக்கோட்டை அருகே சித்தன்னவாசலின் சமணக் குகையில் விதானம் முழுவதும் ஒரு தாமரைக் குளம் விரிகிறது. அதில் மீன்களும் எருமைகளும் யானைகளும், பூப்பறிக்கும் மனிதர்களும் இருக்கிறார்கள். காஞ்சி கைலாசநாதர் கோயிலின் சிற்றாலயங்களில் பல்லவர் ஓவியங்களின் எச்சங்கள் உள்ளன. தஞ்சைப் பெரிய கோயிலில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்தார். சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியல் அறிஞர் எஸ். பரமசிவன் அதே பத்தாண்டில் தென்னிந்தியச் சுவரோவியங்களின் பூச்சையும் வண்ணத்தையும் ஆய்வுக்கூடத்தில் பகுத்துப் பார்த்தார்.

இவை எல்லாம் மெலிந்துகொண்டிருக்கும் செல்வங்கள். ஈரம் ஏறினால் மண்பூச்சு உப்பும், உலர்ந்தால் சுருங்கும், அப்படி மாறி மாறி நிகழ்ந்தால் வண்ணம் பெயர்ந்து விழும். கூட்டமாக நிற்கும் பார்வையாளர்களின் மூச்சே குகைக்குள் ஈரத்தையும் வெப்பத்தையும் கூட்டுகிறது. 1920களில் அஜந்தாவைக் காப்பாற்றுவதற்காக நல்ல எண்ணத்தோடு பூசிய அரக்குப் பூச்சு நாளடைவில் மஞ்சளாகி ஓவியங்களை மங்கவைத்தது. அதைத் தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள் மிகுந்த பொறுமையோடு நீக்க வேண்டியிருந்தது. அதனால் அங்கே போகிறவர்கள் சுவரைத் தொடாமல், ஒளிவீச்சுப் படம் எடுக்காமல், சிறு குழுவாக நிற்பது மரியாதை.

எப்படிப் பார்ப்பது என்பதற்கும் சித்திரசூத்திரத்திலிருந்து ஒரு வழி எடுத்துக்கொள்ளலாம். முதலில் கோட்டை மட்டும் தொடர்ந்து போங்கள். ஒரு கையின் விளிம்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கவனியுங்கள். பிறகு நிழலைப் பாருங்கள். அருகிலிருந்து ஒருமுறை, விலகி நின்று ஒருமுறை. பிறகு உடல் எந்தப் பக்கம் எடையைத் தாங்கி நிற்கிறது என்று பாருங்கள். கடைசியாக அந்த முகம் என்ன உணர்கிறது என்று கேளுங்கள்.

சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. மாமல்லபுரத்தில் சிற்பம் கற்பிக்கும் அரசுக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் கையில் சித்திரசூத்திரத்தின் தெளிவான தமிழ் உரை ஒன்றும், கண் எப்படிப் பார்க்கிறது என்று சொல்லும் அறிவியல் பாடம் ஒன்றும் சேர்ந்து கிடைக்க வேண்டும். சாந்து அரைக்கும் வேதியியலை ஒரு வகுப்பிலும், ரசத்தை வேறொரு வகுப்பிலும் பிரித்து வைத்திருக்கும் நம் படிப்புமுறைக்கு அது நல்ல மருந்தாகும். ஓர் ஓவியனுக்கு இந்த இரண்டும் ஒரே நாளில், ஒரே சுவரில் தேவைப்பட்டன.